நேற்று வைத்த வான்கோழிக் குழம்பு

ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொன்று இருபது. முதலில் கண்ணில் பட்டது வான்கோழியின் விரித்த வால். அதற்குப் பின்னால், கேட்டுக்கு வெளியே, ஒரு மஞ்சள் மழைக்கோட்டு. கோட்டுக்குள் ஒரு சிறுமி.

வான்கோழி கேட்டை அடைத்துக்கொண்டு நின்றது. என் அண்ணன் வளர்த்த இரண்டு வான்கோழிச் சேவல்களில் மிச்சம் இருந்தது அது. தலை நீலம் பாரித்து, தாடைச் சதை சிவந்து, இறக்கை நுனியைத் தரையில் தேய்த்தபடி அரை வட்டம் போட்டது. சிறுமிக்குப் பயம் இல்லை.

“அம்மா, இது மயிலா?”

“மயில் இல்லடி, வான்கோழி. கிட்டப் போவாத. கொத்தும்.”

அந்தக் குரலை அந்த வாசலில் கேட்டு ஏழு வருஷம் ஆகியிருந்தது. என் தங்கை செல்வி. பக்கத்தில் ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்றவர் அவள் கணவர் நிஜாம். கழற்றாததற்குத் தூறலைக் காரணம் சொல்லலாம். வேறு காரணமும் இருக்கலாம்.

நான் சொன்ன முதல் வார்த்தை “வாங்க” இல்லை. “நேத்துல்ல வரேன்னீங்க?” என்று கேட்டுவிட்டேன்.

செல்வி என்னையும் வான்கோழியையும் மாறி மாறிப் பார்த்தாள். “நேத்தா? யாரு சொன்னா? அண்ணிகிட்ட வெள்ளிக்கிழம போன் பண்ணி, நாளானிக்கு வரோம்னுதானே சின்னண்ணே சொன்னேன்?”

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது.

ஒரு எழுத்து

குன்னத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில், நாளைக்கு மறுநாளை நாளானிக்கு என்போம். வேகமாகச் சொன்னால் நடுவில் இருக்கும் ‘னி’ காணாமல் போகும். எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்துப் பேசினால் பிழை வராது. போனில் வரும். அதுவும் மக்காச்சோளம் அடிக்கிற மிஷினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு போன் பேசினால் கட்டாயம் வரும்.

அண்ணி அந்த வெள்ளிக்கிழமை மிஷின் பக்கத்தில்தான் நின்றிருந்தார். ஒரு காதைப் பொத்திக்கொண்டு, “ஆங்? நாளைக்கா? வாங்க வாங்க, எல்லாரும் வாங்க” என்று கத்தியதை நானே கேட்டேன். விடுப்பில் ஊருக்கு வந்திருந்தேன்.

திருச்சியில் நான் வேலை பார்த்த நாளிதழின் செய்தி மேசையில் ஒரு விதி உண்டு. செய்தியில் ‘நாளை’ என்று எழுதக் கூடாது. கிழமையை எழுத வேண்டும். கோயில் தேரோட்டம் ‘நாளை’ என்று நிருபர் எழுதி அனுப்புவார். அது ஒரு நாள் மேசையில் தங்கி, மறுநாள் தாளில் வரும். தேர் நிலைக்கு வந்த பிறகு கூட்டம் போய்ச் சேரும். மறுநாள் முழுதும் எங்கள் தொலைபேசி ஓயாது.

அந்த விதியை நான் வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. அண்ணி போனை வைத்ததும் “என்னைக்கு வராங்க?” என்று கேட்டேன். “நாளைக்கு” என்றார். “சனிக்கிழமையா?” என்று திருப்பிக் கேட்டிருக்க வேண்டும். அதற்குள் அவர் மசாலா சாமான் எடுக்க உள்ளே போய்விட்டார்.

வெள்ளைச் சட்டை

ஆகவே வான்கோழி அறுபட்டது சனிக்கிழமை.

விடிந்ததும் அண்ணன் வெங்காயப் பட்டறைப் பக்கம் போனார். எங்கள் ஊரில் சின்ன வெங்காயத்தைத் தாளோடு சேர்த்துப் பட்டறை போட்டு வைப்போம். வான்கோழி இரண்டும் அந்தத் தாளைத் தின்றே வளர்ந்தவை. அவற்றில் பெரியதைப் பிடித்து, சாக்கில் போட்டு, தலை மட்டும் வெளியே தெரியும்படி கட்டி, வண்டியின் முன்னால் வைத்துக்கொண்டு கிளம்பினார். ஊரிலேயே கோழி வெட்டித் தர ஆள் உண்டு. அண்ணன் வண்டி அந்தப் பக்கம் போகவில்லை. வெள்ளாற்றுப் பக்கம் திரும்பியது. திரும்பி வர நேரமாகியது. தூக்குவாளியில் கறி இருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை.

அண்ணி மிளகும் மல்லியும் வறுத்து அரைத்தார். வான்கோழிக் கறி எளிதில் வேகாது. நார் நாராக இருக்கும். குக்கரில் வைத்து, அப்புறம் சட்டிக்கு மாற்றி, அடுப்பைக் குறைத்துப் பொறுமையாகக் கொதிக்கவிட்டார். பகல் ஒரு மணிக்கு வீடு முழுக்க வாசம். யாரும் வரவில்லை.

அண்ணன் பெயர் கலியபெருமாள். அன்று மக்காச்சோளக் களத்துக்கு வெளுத்த வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். சோளத் தூசு படியும் வேலைக்கு வெள்ளைச் சட்டை போட்டவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இரண்டு தடவை வீட்டுக்கு வந்தார். ஒரு தடவை கயிறு தேடினார். இன்னொரு தடவை எதைத் தேடுகிறோம் என்பதையே சொல்லவில்லை. இரண்டு தடவையும் கேட்டுப் பக்கம் பார்த்துவிட்டுப் போனார்.

மூன்று மணிக்கு மேல் நாங்கள் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தோம்.

“ஒரு போன் போட்டுப் பாக்கவா?” என்றார் அண்ணி.

“போடாத.”

“என்னமோ ஏதோன்னு இருக்குங்க.”

“ஒண்ணும் இல்ல. வர இஷ்டம் இல்ல, வரல. எனக்கு அப்பவே தெரியும்.” சட்டைக் கையை மடித்துக்கொண்டே சொன்னார். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

மிச்சக் குழம்பு ஆறியதும் சட்டியோடு பிரிட்ஜுக்குள் போனது.

கை நனைத்தல்

செல்வி எங்கள் மூவரில் கடைசி. அரியலூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். நிஜாமுக்குச் சொந்த ஊர் வெள்ளாற்றங்கரையில் இருக்கும் லெப்பைக்குடிக்காடு. அரியலூர்ப் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையில் எலெக்ட்ரீஷியன். சில வருஷம் துபாயில் இருந்துவிட்டுத் திரும்பியவர். இருவரும் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். யாரும் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை, மதத்தையும் மாற்றிக்கொள்ளவில்லை. சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன்.

நிஜாம் வீட்டில் ஒரு வருஷம் பேச்சு இல்லை. குழந்தை நிலா பிறந்ததும் அவர் அம்மா அரியலூருக்கு வந்து நாற்பது நாள் தங்கிப் பிள்ளையைக் குளிப்பாட்டினார். அந்தப் பக்கம் சரியாகிவிட்டது.

எங்கள் பக்கம் ஒரு வாக்கியம் குறுக்கே நின்றது. சமாதானம் பேச வந்த சொந்தக்காரர்களிடம் அண்ணன் சொன்னது: “அவ வரட்டும், போவட்டும். நான் தடுக்கல. ஆனா அவரு இந்த வூட்டுல கை நனைக்கிறது மட்டும் நடக்காது.”

கை நனைப்பது என்றால் என்ன என்று தமிழ் படிக்கிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பெண் பார்க்கப் போனவர்கள் காபியோடு எழுந்து வருவார்கள். சம்மதம் என்றால்தான் இலை போடுவார்கள். பங்காளிச் சண்டையில் முதலில் நிற்பது பேச்சு இல்லை, கை நனைப்பதுதான். எங்கள் தொழிலிலும் இது உண்டு. ஒரு பெரிய மனிதர் வீட்டில் செய்தி சேகரிக்கப் போன நிருபர் சாப்பிட்டுவிட்டு வந்தால், அவர் எழுதியதை மேசையில் இரண்டு முறை படிப்போம். “கை நனைச்சுட்டு வந்துருக்கான்” என்போம்.

கணவர் கை நனைக்காத வீட்டில் நானும் நனைக்க மாட்டேன் என்று செல்வி வராமலே இருந்துவிட்டாள். ஏழு வருஷம். அந்த வருஷம் ஐப்பசியில் அண்ணிதான் பேசிப் பேசி வரச் சொன்னார். அண்ணனிடம் “வரச் சொல்லவா?” என்று கேட்டதற்கு அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. “வான்கோழி ரெண்டு நிக்கிது” என்றாராம். அண்ணி அதையே பதிலாக எடுத்துக்கொண்டார்.

இப்போது மூன்று பேரும் வந்து நிற்கிறார்கள். வான்கோழி ஒன்றுதான் நிற்கிறது. இன்னொன்று பிரிட்ஜில் இருக்கிறது.

பூலாம்பாடிக்கு ஒரு போன்

அவர்களை உள்ளே கூட்டிவந்து பாயில் உட்காரவைத்தேன். நிஜாம் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கூடத்தை அவர் பார்த்த விதம், மின்சார வேலைக்கு வந்தவர் பார்ப்பது போல இருந்தது. சுவிட்ச் பலகை, ஒயர், மின்விசிறி என்று வரிசையாகப் பார்த்தார். மனிதர்களைப் பார்ப்பதைவிட அது சுலபம் என்று தோன்றியிருக்கலாம்.

“அண்ணி எங்க?”

“பூலாம்பாடியில ஒரு வளைகாப்பு. காலையிலயே போயிட்டாங்க.”

“பெரியண்ணன்?”

“களத்துல. சோளம் காயப் போட்டிருக்கு. தூறல்ல தார்ப்பாய் இழுத்துக்கிட்டு இருப்பாரு.”

அண்ணனுக்குப் போன் போட்டேன். மணி உள்ளறையில் அடித்தது. போனைப் பரண் மேல் வைத்துவிட்டுப் போயிருந்தார். பிறகு அண்ணிக்குப் போட்டேன். பின்னணியில் வளையல் சத்தமும் மைக் சத்தமும் கேட்டன.

“யாரு வந்துருக்கா? செல்வியா? ஐயையோ! நேத்துல்ல வரேன்னா!”

“அவங்க நாளானிக்குன்னு சொன்னாங்களாம் அண்ணி.”

“அடப் பாவமே. எங்காதுதான் கெட்டுப்போச்சு. அந்த மிஷின்காரன ஒதைக்கணும். சரி தம்பி, நீங்க என்ன ஆக்கிப் போடப் போறீங்க?”

“நேத்து வெச்ச குழம்பு இருக்குல்ல.”

“என்ன தம்பி பேசுறீங்க! மாப்ள மொத மொதல்ல வூட்டுக்கு வந்துருக்காரு, பழசையா ஊத்துவீங்க? நாளைக்கு அவுங்க வூட்டுல கேட்டா செல்வி என்னன்னு சொல்லுவா? கடையில போயி ஒரு கோழி வாங்கியாங்க. ஓடுங்க.”

“சரி அண்ணி.”

“ஒங்க அண்ணன் அவர மாப்ளன்னு கூப்புட்டாரா?”

“அண்ணன் இன்னும் வரல.”

“வந்ததும் எனக்குப் போன் பண்ணுங்க. இல்ல, பண்ணாதீங்க. இங்க வளையல் அடுக்கணும்.”

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், செல்வி சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அண்ணி பேசினால் அடுத்த தெருவுக்கும் கேட்கும். எல்லாம் கேட்டிருந்தது.

“கடைக்கெல்லாம் போவாத சின்னண்ணே. இருக்குறதப் போடு.”

“பழசு.”

“ஆணம் மறுநாள்தாண்ணே ருசி.”

குழம்பை ஆணம் என்றாள். லெப்பைக்குடிக்காட்டில் அப்படித்தான் சொல்வார்கள். சொன்ன பிறகுதான் அவளே அதைக் கவனித்தாள். இந்த வீட்டுச் சமையலறையில் அதற்கு முன் யாரும் சொல்லாத வார்த்தை அது.

பையில் இருந்தது

சோற்றுப் பானையைத் திறந்து பார்த்தேன். அண்ணி இரண்டு பேருக்கு வடித்துவைத்திருந்தார், அண்ணனுக்கும் எனக்கும். ஐந்து பேருக்கு உலை வைக்கலாம் என்று அரிசி டின்னை எடுத்தேன்.

“இரு,” என்றாள் செல்வி. தோள்பையைத் திறந்து நாலு பொட்டலம் நூடுல்ஸை எடுத்து மேடையில் வைத்தாள். “பாப்பாவுக்குன்னு எடுத்தாந்தேன்.”

நாலு பொட்டலம் ஒரு குழந்தைக்கு அதிகம். அதை நான் பார்த்தது அவளுக்குத் தெரிந்தது.

“வழியில பசிச்சா எங்கயாச்சும் சுடுதண்ணி கேட்டு...” என்று ஆரம்பித்து, நிறுத்திவிட்டாள். அரியலூரில் இருந்து எங்கள் ஊருக்கு வழியில் பசி எடுக்கும் தூரம் இல்லை. இங்கே சாப்பாடு கிடைக்குமா என்று தெரியாமல் கிளம்பி வந்திருக்கிறார்கள்.

“நல்லதாப் போச்சு. இதையே பண்ணலாம்,” என்றேன்.

நூடுல்ஸ் எனக்குப் புதிது இல்லை. திருச்சியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மேன்ஷன் அறையில் இருந்தேன். பக்கத்துக் கட்டில்காரர் தேனிக்காரர். மருந்துக் கம்பெனி விற்பனையாளர். தினமும் ஒரு பரோட்டா கடையில் சாப்பிட்டுவிட்டு, மிச்ச சால்னாவைப் பொட்டலம் கட்டி எடுத்துவருவார். மறுநாள் காலை அதைச் சின்ன அடுப்பில் வைத்து, கொதித்ததும் நூடுல்ஸை அதிலேயே போடுவார். தண்ணீரில் வேகவைத்து வடித்துப் பிறகு குழம்பில் சேர்ப்பதை அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். “அது ரெண்டும் வேற வேற பஸ்ல வந்த மாதிரி இருக்கும் சார்” என்பார். பொட்டலத்துக்குள் வரும் மசாலாத் தூளைப் பிரிக்கவே விடமாட்டார். அந்தத் தூள் பைகள் ஜன்னல் விளிம்பில் ஒரு குன்று போலச் சேர்ந்திருந்தன. அவர் அறையைக் காலி செய்து போனபோது அவற்றையும் எடுத்துப் போனார். எதற்கு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

குழம்புச் சட்டியை வெளியே எடுத்தேன். மேலே கொழுப்பு மஞ்சளாக உறைந்திருந்தது. அதைக் கரண்டியால் வழித்து வாணலியில் போட்டேன். எண்ணெய் தனியாகத் தேவைப்படவில்லை. சட்டியை அடுப்பில் வைத்து, நன்றாகத் தளதளவென்று கொதிக்கும்வரை விட்டேன். பிறகு கறித்துண்டுகளை எடுத்து, எலும்பை நீக்கி, நாராகப் பிய்த்தேன். முதல் நாள் கொஞ்சம் முரண்டு பிடித்த கறி, ஒரு நாள் குழம்பில் ஊறி, விரல் பட்டதும் பிரிந்தது.

செல்வி சின்ன வெங்காயம் உரித்தாள். நாலு பொட்டலம் ஐந்து பேருக்குக் காணாது என்று அண்ணியின் டப்பாக்களைத் துழாவி, சேமியாவைக் கண்டுபிடித்து வறுத்தாள்.

அதைக் கிளறிக்கொண்டே, மெதுவாக, “அவருக்கு மட்டும் ஒரு முட்டைய ஒடச்சி ஊத்தித் தனியாப் பண்ணிடுறேண்ணே. கறி வேணாம்,” என்றாள்.

“பழசுங்கறதாலயா?”

“ச்சீ, அதுக்கில்ல. யாரு அறுத்ததுன்னு தெரியாதுல்ல. பிஸ்மில்லா சொல்லி அறுக்காதத அவரு சாப்ட மாட்டாரு. கேக்கவும் மாட்டாரு. கஷ்டப்பட்டு ஓரமா ஒதுக்கி வெச்சிட்டு, வயிறு ரொம்பிடுச்சும்பாரு. பெரியண்ணன் அதப் பாத்தா...”

முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை. ஏழு வருஷம் கழித்து வந்த மாப்பிள்ளை, போட்ட கறியை ஒதுக்கி வைக்கிறார். அதை அண்ணன் எப்படி எடுத்துக்கொள்வார் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அதோடு அந்த வாசல் மறுபடி மூடிவிடும்.

செல்வி முட்டை என்று ஆரம்பிக்கும்போதே வெளியே வான்கோழி கத்தியிருந்தது. மோட்டார் வண்டிச் சத்தத்துக்கு அது எப்போதும் பதில் சொல்லும்.

கிணற்றடிக் குழாய்

அண்ணன் பின்பக்கமாக வந்தார். தார்ப்பாய் சுற்றிய கயிறு தோளில். அன்று வெள்ளைச் சட்டை இல்லை. சோளத் தூசு அப்பிய பனியன். கேட்டுக்கு வெளியே நின்ற பைக்கை அவர் பார்த்திருக்க வேண்டும்.

சமையலறைக்குப் பின்னால் கிணற்றடியில் ஒரு குழாய் உண்டு. மேல் தொட்டித் தண்ணீர். வாஷர் தேய்ந்து, எவ்வளவு இறுக்கினாலும் நூல் போல ஒழுகிக்கொண்டே இருக்கும். அங்கே நின்று காலைக் கழுவிக்கொண்டார். நாங்கள் பேசியது ஜன்னல் வழியாக அவருக்குக் கேட்டிருந்தது.

“அத லெப்பைக்குடிக்காட்டுல அறுத்தது,” என்றார். குழாயைப் பார்த்துத்தான் சொன்னார்.

செல்வி திரும்பினாள்.

“பள்ளிவாசத் தெருவுல ஒரு பாய் கடை இருக்கு. அவரே ஓதித்தான் அறுத்தாரு. நான் கூடவே நின்னு பாத்தேன்.” காலைக் கழுவி முடித்தும் குழாயை மூடவில்லை. “இம்மாம் பெரிசு என்னத்துக்குன்னாரு. தங்கச்சி வூட்டுக்காரரு வராருன்னேன்.”

செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சின்ன வெங்காயம் உரித்த கை அது. காரணத்தை உறுதி செய்ய வழி இல்லை.

“நாளானிக்குன்னு சொன்னேண்ணே. அண்ணிக்குத்தான் சரியாக் கேக்கல.”

அண்ணன், “அதான பாத்தேன்,” என்றார்.

பிறகு பனியனைக் கழற்றி உதறிவிட்டு, கொடியில் கிடந்த வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு கூடத்துக்குப் போனார். நான் வெங்காயத்தை வாணலியில் கொட்டினேன். பூண்டு, கறிவேப்பிலை, கொஞ்சம் மிளகு. பிய்த்த கறியைப் போட்டுப் புரட்டி, குழம்பை ஊற்றி, வெந்நீர் சேர்த்துத் தளர்த்தி, கொதித்ததும் நூடுல்ஸை உடைக்காமல் உள்ளே அழுத்தினேன். சேமியா கடைசியில். அந்தச் சத்தத்தில் கூடத்தில் என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. எட்டிப் பார்த்தபோது அண்ணன் மின்விசிறியைக் காட்டி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். நிஜாம் எழுந்து நின்று, “கெப்பாசிட்டர் போயிருக்கும் மச்சான். மாத்துனா சரியாயிரும்,” என்றார்.

“அப்டிங்களா?” என்றார் அண்ணன். ‘மாப்ள’ இல்லை. ‘ங்க’ இருந்தது. அண்ணிக்குச் சொல்ல அதைக் குறித்துக்கொண்டேன்.

தரையில் ஐந்து தட்டு

அடுப்பை அணைத்து எலுமிச்சை பிழிந்து இறக்கினேன். எவர்சில்வர் தட்டுகளில் போட்டபோது குழம்பு நூடுல்ஸைப் பிடித்துக்கொண்டு, அடியில் கொஞ்சம் தேங்கி நின்றது. நூடுல்ஸ் ஆயிற்றே என்று ஆளுக்கொரு ஸ்பூனும் வைத்தேன்.

அண்ணன் தட்டை உற்றுப் பார்த்தார். “இது என்ன, சேமியாவுக்குக் கிறுக்கு புடிச்ச மாதிரி நெளியிது?”

“நூடுல்ஸ் மாமா,” என்றாள் நிலா. “ஒங்களுக்குத் தெரியாதா?”

“தெரியாதே.”

“உறிஞ்சணும். இப்டி.” உறிஞ்சிக் காட்டினாள். ஒரு இழை அவள் மூக்கில் அடித்தது. அண்ணன் ஸ்பூனை ஒதுக்கி வைத்துவிட்டு, சோறு பிசைவது போலப் பிசைந்து, ஒரு வாய் எடுத்துப் போட்டார். மென்றார். இன்னொரு வாய் எடுத்தார். முதல் நாள் அவர் மொத்தம் சாப்பிட்டது அவ்வளவுதான்.

நிஜாம் ஸ்பூனைக் கையில் எடுத்தார். ஒரு சுற்றுச் சுற்றினார். வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

“நல்ல வேள ஸ்பூன் குடுத்தீங்க மச்சான்,” என்றார் என்னிடம். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். “இதுல சாப்ட்டா கை நனையாது. பெரிய மச்சான் சொன்ன சொல்லும் கெடாது.”

செல்வி தலையைத் தூக்கவில்லை. அவர் முழங்காலைத் தன் முழங்காலால் இடித்தது மட்டும் தெரிந்தது. ஏழு வருஷமாக யாரும் அந்த வாக்கியத்தை எடுத்ததில்லை. எடுத்தவர் அதை ஒரு வேடிக்கையாக எடுத்து நடுக்கூடத்தில் வைத்துவிட்டார். அது வேடிக்கையாகவே இருக்குமா என்பது இனி அண்ணன் கையில் இருந்தது. வெளியே வான்கோழி ஒரு தடவை கத்தி ஓய்ந்தது.

அண்ணன் மென்று விழுங்கினார். நிஜாம் கையில் இருந்த ஸ்பூனைப் பார்த்தார்.

“ஸ்பூன் வாயச் சுடும்,” என்றார். “கையால சாப்புடுங்க.”

நிஜாம் ஸ்பூனைத் தரையில் வைத்தார். முழுக்கைச் சட்டையின் பொத்தானைக் கழற்றி, முழங்கைவரை மடித்தார். நூடுல்ஸைக் கையால் அள்ளுவது அவ்வளவு சுலபம் இல்லை. பாதி வழியிலேயே நழுவியது. நிலா விழுந்து விழுந்து சிரித்தாள். “அத்தா, ஒங்களுக்கும் தெரியல!” அவர் குழம்பைச் சேர்த்துப் பிசைந்து, நாரான கறியோடு உருட்டி வாயில் போட்டார். விரல்கள் அடிவரை மஞ்சளாகின.

“மாமா, ஆணம்,” என்று நிலா தட்டை நீட்டினாள்.

அண்ணன் என்னைப் பார்த்தார். “என்ன கேக்குது?”

“குழம்பு.”

கரண்டியை எடுத்து அவளுக்கு ஊற்றினார். அப்படியே பக்கத்துத் தட்டுக்கும் நீட்டி, “ஒங்களுக்கு?” என்றார்.

“கொஞ்சம் மச்சான்.”

கொஞ்சம் ஊற்றவில்லை. நிறையவே ஊற்றினார்.

வாணலியில் ஒன்றும் மிச்சம் இல்லை. நிலா தட்டை வழித்து நக்கியதைச் செல்வி அதட்டினாள். பிறகு அவளே தன் தட்டில் அதைச் செய்தாள். நிஜாம் எழுந்து, ஈரக் கையைத் தூக்கிப் பிடித்தபடி கிணற்றடிக்குப் போனார். அண்ணனும் கூடவே எழுந்து, அங்கே இருந்த சிமென்ட் தொட்டியில் இருந்து ஒரு சொம்புத் தண்ணீரை மொண்டு, அவர் கையில் ஊற்றினார்.

குழாயில் தண்ணீர் வந்துகொண்டுதான் இருந்தது.